கோடை இடியும் உத்தனப்பள்ளிப் புளியும்

சித்திரை மாதத்தில் யாராவது என்னிடம் "சௌக்கியமா?" என்று கேட்டால், நான் முதலில் மேற்கே பார்ப்பேன். அங்கே மேகம் திரண்டிருந்தால் பரம சௌக்கியம். வானம் வெளுத்துக் கிடந்தால், "ஏதோ இருக்கேன்."

சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு மூக்குப்பொடி, சிலருக்கு நாடகக் கொட்டகை. எனக்குக் கோடை இடி. ஐப்பசி அடைமழையில் எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. அது நாள் முழுக்க அழுதுகொண்டே இருக்கிற உறவுக்காரர் மாதிரி. கோடை மழை அப்படியல்ல. காலையில் சாதுவாக இருக்கும் வானம், மத்தியானத்துக்கு மேல் ஓரத்தில் ஒரு பிடி பஞ்சை வைக்கும். பஞ்சு பொதியாகும், பொதி மலையாகும், மலையின் உச்சி கொல்லன் பட்டடைக் கல்லைப் போலத் தட்டையாக விரியும். அப்புறம் எங்கோ தூரத்தில் ஒரு உறுமல். அந்த முதல் உறுமலைக் கேட்கும்போது என் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நிற்கும். (பசி என்று அம்மா சொல்வாள். அம்மாவுக்கு எல்லாமே பசிதான்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் ஓசூரில் பூகோள வாத்தியார். அன்றைய ஓசூரில் தொழிற்சாலையும் இல்லை, சங்கும் இல்லை, ஷிப்டும் இல்லை. கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் பதில் வரும். பேரம் பேசினால் கன்னடத்தில் திட்டு விழும். அந்த ஊரில் என்னைப் போலவே இடிக்கு ஏங்கிய இன்னொரு ஜீவன் இருந்தது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அந்தோணிசாமி. என்னைவிட வயதில் மூத்தவர், பிள்ளைகுட்டிக்காரர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். ஆனால் பூசை முடிந்து வெளியே வந்ததும் சிலுவைக் குறி போட்ட கையை அப்படியே நெற்றிக்கு மேல் வைத்து மேற்கே பார்ப்பார். அந்த ஒரு செய்கையில்தான் எங்கள் சிநேகம் ஆரம்பித்தது.

மாலை ஆனால் இருவரும் மலைக்கோயில் படியேறி, பாதியில் இருக்கும் பாறையில் மேற்கு முகமாக உட்கார்ந்துகொள்வோம். தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு மேல்தான் எங்கள் மேகங்கள் பிறக்கும். ஜவளகிரிப் பக்கம் ஒன்று கறுத்தால் அந்தோணி அண்ணன் அதை "உங்க பிள்ளை" என்பார். தளிப் பக்கம் எழுவது அவர் பிள்ளை. யார் பிள்ளை முதலில் இடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். சாமி கும்பிட வருகிறவர்கள் எங்களையும் ஒரு சுற்றுச் சுற்றித் தாண்டிப் போவார்கள். (பக்தியால் அல்ல.)

நான் சொல்லவந்த அந்த வருஷம் மழை எங்களை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. மாசியில் இல்லை, பங்குனியில் இல்லை. சித்திரை பிறந்தும் ஒரு பொட்டு விழவில்லை. கிணறுகளில் வாளி தரைதட்டியது. ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கவே தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். ஊரே வானத்தைப் பார்க்க ஆரம்பித்ததில் எங்களுக்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது. தெருவில் போனால், "வாத்தியாரே, எப்போ?" என்று கேட்பார்கள். நானும் கன்னத்தைச் சொறிந்துகொண்டு, "காத்து மாறணும்" என்பேன். எந்தக் காற்று, எங்கே மாறணும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் அம்மா எனக்கு உத்தனப்பள்ளியில் பெண் பார்த்தாள்.

அப்பா இல்லாத வீடு. தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எனக்குச் சமைத்துப்போட வந்திருந்த அம்மாவுக்கு, பாறையில் உட்கார்ந்திருக்கும் மகனைப் பற்றி ஊர் பேசுவது காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஏற்கெனவே ராயக்கோட்டையில் ஒரு சம்பந்தம், "பையன் மேலயே பாத்துக்கினு நடக்கறானாமே, கழுத்துல ஏதாவது கோளாறா?" என்ற கேள்வியோடு நின்றுபோயிருந்தது. அதனால் உத்தனப்பள்ளிக்குக் கிளம்பும் முன் என்னை நிற்கவைத்துச் சத்தியம் வாங்கினாள்.

"பொண்ணு வூட்டுல இருக்கிற வரைக்கும் வானத்தை அண்ணாந்து பாக்க மாட்டேன்னு சொல்லுடா."

"பாக்க மாட்டேன்."

"அந்தக் கம்பவுண்டரும் பாக்கக் கூடாது."

ஆம்பளைத் துணை வேண்டும் என்று அந்தோணி அண்ணனை அழைத்ததே அம்மாதான். அவர் இஸ்திரி போட்ட கோட்டில் மரியாதைக்குரிய பெரிய மனிதராகத் தெரிவார். "என்னைப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா" என்று அவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். சொல்லும்போதே ஒரு கண் ஜன்னலில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் தீயாக இருந்தது. காற்று அசையவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியது. இதெல்லாம் எதற்கு அறிகுறி என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் பேசிக்கொள்ளவில்லை. சாராயம் விட்டவன் சாராயக் கடையைத் தாண்டுவது போல, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பெண்ணின் அப்பா பெரியண்ணன் வாசலுக்கு வந்து கும்பிட்டு அழைத்தார். தோட்டமும் புளியந்தோப்பும் உள்ள விவசாயி. வீட்டுக்கு முன்னால் அகலமான களம். களம் முழுக்கப் பாய் விரித்து, தட்டிக் கொட்டை எடுத்த புளியைக் காயப்போட்டிருந்தார்கள். அந்த வருஷத்து மகசூல் பூராவும் அங்கேதான் வெயிலில் பளபளத்துக் கிடந்தது.

"கெணறு வத்திப்போச்சுங்க. வெதைச்ச கேவுரும் கைவிட்டுடுச்சு. இந்தப் புளிதான் இந்த வருசம் காப்பாத்தணும்" என்றார் பெரியண்ணன்.

நான் தலையைக் குனிந்தபடியே "ஆமாங்க" என்றேன். தலை நிமிராத மாப்பிள்ளையைப் பார்த்து உள்ளே பெண்கள் பேசிக்கொண்டது கேட்டது. "பாவம், ரொம்பக் கூச்ச சுபாவம்." அம்மா முகத்தில் அன்றுதான் முதல் தடவையாகப் பெருமை தெரிந்தது.

கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்காரவைத்தார்கள். என் எதிரே துலக்கி வைத்த பித்தளைச் சொம்பில் தண்ணீர். சொம்பு கண்ணாடி போல இருந்தது. அதன் வயிற்றில் வாசல் தெரிந்தது, வாசலுக்கு அப்பால் களம், களத்துக்கு மேல்...

நான் சத்தியத்தை மீறவில்லை. சொம்பைத்தான் பார்த்தேன். சொம்பில் ஒரு மேகம் வளர்ந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் அந்தோணி அண்ணன் லேசாக இருமினார். பார்த்தால் அவரும் சொம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் சொம்பின் கழுத்துவரை ஏறிவிட்டது. உச்சி விரிய ஆரம்பித்தது. அம்மா நிலபுலன்களைப் பற்றி என்னவோ விசாரித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் கொலுசுச் சத்தம் கேட்டது. "பொண்ணு வருது" என்று யாரோ சொன்னார்கள்.

அதே நொடியில், தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து அந்த உறுமல் வந்தது. மாதக்கணக்காகக் காத்திருந்த உறுமல்.

அதற்கப்புறம் நான் செய்ததை நான் செய்யவில்லை. என் கால்கள் செய்தன. எழுந்தேன். காப்பித் தட்டோடு வந்த பெண்ணை, முகத்தைக்கூடப் பார்க்காமல், ஒதுங்கித் தாண்டி, வாசலுக்கு ஓடினேன். எனக்குப் பின்னால் கோட்டு சரசரக்க அந்தோணி அண்ணன்.

ஆஹா, என்ன மேகம்! வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அடியில் கரிச்சட்டி, நடுவில் வெண்ணெய்த் திரட்சி, மேலே பட்டடை. "உங்க பிள்ளைதான் வாத்தியாரே!" என்று அண்ணன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

அப்புறம்தான் கூடத்தில் விட்டுவிட்டு வந்தவர்களின் ஞாபகம் வந்தது. திரும்பினேன். வாசலில் பெரியண்ணன். அவருக்குப் பின்னால் அம்மா. அந்த முகத்தை விவரிக்க எனக்குத் தெம்பில்லை.

"என்னா தம்பி? எம்பொண்ணைப் பாக்காமலே எழுந்து வந்துட்டீங்க? புடிக்கலீன்னா சொல்லியிருக்கலாமே" என்றார் பெரியண்ணன். கோபமாகக்கூட இல்லை. அடிபட்ட குரலில் சொன்னார்.

அந்தக் கணத்தில் தப்பிக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தென்பட்டது. அது களத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

"புளிங்க!" என்று கத்தினேன். "மழை வருது! புளி நனைஞ்சிடும்னுதான் ஓடியாந்தேன்!"

பெரியண்ணன் மேற்கே பார்த்தார். முகம் மாறியது. "அட, நம்ம புளிக்கோசரமா!" என்று என்னைப் பார்த்த பார்வையில் இருந்த நன்றியை இன்னும் மறக்க முடியவில்லை. "வருமா தம்பி, நிச்சயமா?"

"நிச்சயமா வரும். கொஞ்ச நேரத்துல கொட்டப்போகுது. நான் பூகோள வாத்தியாருங்க."

அவ்வளவுதான். வீடே களத்தில் இறங்கியது. கூடை, முறம், சாக்கு, அண்டா என்று கையில் கிடைத்ததில் எல்லாம் புளியை அள்ளினார்கள். அந்தோணி அண்ணன் கோட்டைக் கழற்றாமலே மூட்டை தூக்கினார். பட்டுப்புடவையில் இருந்த அம்மாவும் கொசுவத்தைச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். (நான் காப்பாற்றியது புளியை அல்ல, அவள் மானத்தை என்று அவளுக்குத் தெரியும்.) வைக்க வேறு இடமில்லாமல் எல்லாவற்றையும் கூடத்தில் கொட்டினோம். ஜமக்காளத்தின் மேல் புளி, பாக்கு வெற்றிலைத் தட்டின் மேல் புளி, சொம்பைச் சுற்றிப் புளி.

நடுவில் ஒரு கூடை என் கைக்கு வந்தது. கொடுத்தவளை அப்போதுதான் பார்த்தேன். பெயர் மாதம்மாள். மூச்சு வாங்கியது, நெற்றிப் பொட்டு வியர்வையில் வழிந்திருந்தது. ஜரிகைப் புடவையின் முன்பக்கம் பூராவும் புளி அப்பியிருந்தது. எனக்கு நெஞ்சுக்குள் ஒரு தரம் இடித்தது.

"நெஜமா வருங்களா?" என்றாள்.

"வரும்" என்றேன், மழைக்கு நானே அதிகாரி போல.

கடைசிக் கூடை உள்ளே போனதும் எல்லோரும் வாசலில் வரிசையாக நின்று மேற்கே பார்த்தோம். நான் நடுநாயகமாக நின்றேன்.

மேகம் எங்களைப் பார்த்தது. நாங்கள் மேகத்தைப் பார்த்தோம். பிறகு அதன் அடிப்பாகம் மெல்லக் கிழிந்தது. பட்டடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கலைத்த தலைமுடி மாதிரி நீண்டு, வெளுத்து, ஒன்றுமில்லாமல் போனது. வெயில் பழையபடி சுள்ளென்று அடித்தது. கட்டுத்தறியில் இருந்த மாடு ஒன்று என்னைப் பார்த்து நிதானமாக அசைபோட்டது.

 எல்லோர் கையும் பிசுபிசுத்தது. கை கழுவத் தண்ணீரும் இல்லை. "போயிடுச்சு வாத்தியாரே" என்று அந்தோணி அண்ணன் இழவு வீட்டுக் குரலில் சொன்னார். அம்மா தன் பட்டுப்புடவையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எதைத் துவைப்பது என்று யோசிக்கிறாள் என்று நினைத்தேன்.

"பரவால்லீங்க, நல்லதுக்குத்தானே சொன்னாரு" என்றார் பெரியண்ணன். நல்ல மனிதர். ஆனால் அந்த நன்றிப் பார்வை போய்விட்டது. தாழ்வாரத்தில் பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. சம்பந்தம் கைநழுவிக்கொண்டிருந்தது. காலையில் இந்தப் பெண் யாரென்றே எனக்குத் தெரியாது. இப்போது அவளை விட்டுவிட்டு பஸ் ஏற மனம் வரவில்லை.

அங்கேயே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எப்படியாவது பிராயச்சித்தம் செய்ய வேண்டுமே என்ற தவிப்பில் திரும்பவும் திறந்தேன்.

"இனிமே இன்னைக்கு மழையே கெடையாதுங்க. இந்த மாதிரி மேகம் கலைஞ்சா அப்புறம் சொட்டு விழாது. எழுதியே தரேன். நாங்களே எல்லாத்தையும் வெளிய எடுத்து முன்ன மாதிரி பரப்பிக் குடுத்துட்டுப் போறோம். வெயில வீணாக்கக் கூடாது."

பெரியண்ணனுக்கும் சரியென்றே பட்டது. மறுபடி கூடையைத் தூக்கச் சொன்னார். அங்கேதான் ஒரு தடங்கல். மாதம்மாள் கூடத்தில் புளிக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ மாதம்மா, எழுந்து எடுத்துக் குடுடீ" என்றாள் அவள் அம்மா.

"என்னால ஆவாது. கையி ரெண்டும் எரியுது. ஒரே நாள்ல ரெண்டு தரம் சொமக்க நான் என்னா கழுதையா? நாளைக்குப் போட்டுக்கலாம்."

"வந்தவங்க முன்னால பேசற பேச்சைப் பாரு!"

"வந்தவங்கதானே உள்ள எடுக்கச் சொன்னாங்க? அவங்களே வெளிய போடட்டும்."

அவள் எழவில்லை. அவளைப் பார்த்து மற்ற பெண்களும் அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள். எனவே நான், அந்தோணி அண்ணன், பெரியண்ணன் மூவரும் ஆளுக்கொரு கூடையைத் தூக்கிக்கொண்டு களத்தில் இறங்கினோம். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேற்கே பார்த்தபடி, குனிந்து பரப்ப ஆரம்பித்தோம். மேற்கே வானம் சுத்த நீலம். நான் சொன்னது சரிதான் என்று எனக்குள்ளே மெச்சிக்கொண்டேன். கிழக்கே திரும்பிப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. எங்கள் சாஸ்திரத்தில் கோடை மழை மேற்கிலிருந்துதான் வரும். கிழக்கு என்று ஒரு திசை இருப்பது பூகோள வாத்தியாருக்கு மறந்தே போயிற்று.

முதலில் பிடரியில் ஒரு குளிர்ந்த காற்று பட்டது. "அப்பாடா, காத்து மாறுது" என்றேன்.

அடுத்த வீட்டுக் கன்னடக்காரப் பெண் வேலியோரம் ஓடிவந்து எங்கள் தலைக்குப் பின்னால் கையைக் காட்டி, "மளே பந்த்து! மளே பந்த்து!" என்று அலறினாள். மழையை எந்த மொழியில் அலறினாலும் புரிந்துவிடும்.

திரும்பினோம். வீட்டுக் கூரைக்கு மேல் வானம் இல்லை. கறுப்புச் சுவர்தான் இருந்தது. அது இடித்தது. தூரத்து உறுமல் அல்ல. தலையில் விறகுக் கட்டையைப் போட்டு உடைத்தது போல ஒரு இடி. அடுத்த மூச்சில் கொட்ட ஆரம்பித்தது. வெறும் மழையும் அல்ல, ஆலங்கட்டி. என் மண்டையில் விழுந்த முதல் கட்டியில் பூகோளமே சுற்றியது. அந்தோணி அண்ணன் "மாதாவே!" என்று கூவிக்கொண்டு கோட்டோடு மாட்டு வண்டிக்கு அடியில் பாய்ந்தார். நான் மட்டும் மானஸ்தன். பரப்பிய புளியை வேட்டி மடியில் அள்ளிக்கொண்டு ஓடி, வழுக்கி, சேற்றில் உட்கார்ந்தேன். மடியிலிருந்து புளித் தண்ணீர் சாம்பாருக்குக் கரைத்தது போல ஓடியது.

நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் மாதம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து அவளால் நிற்க முடியவில்லை. எல்லாம் முடிந்தது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஆனால் பெரியண்ணன் களத்தின் நடுவே அசையாமல் நின்றார். இரண்டு கைகளையும் விரித்து ஏந்திக்கொண்டிருந்தார். ஆலங்கட்டி தலையில் விழுவதுகூட அவருக்குத் தெரியவில்லை. "ஊத்து! இன்னும் ஊத்து!" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு திடீரென்று புளி ஞாபகம் வந்து, பதறி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கூடம் நிறையப் புளி. ஒரு பிசிறு நனையவில்லை. நாங்கள் பரப்பிய சில கூடைகள்தான் போயிருந்தன.

அவர் மகளைப் பார்த்தார். அப்புறம் சேற்றில் இருந்த என்னைப் பார்த்தார். தொப்பலாக நனைந்த அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"சோம்பேறி, சோம்பேறின்னு தெனமும் இவளைத் திட்டுவேன். இன்னைக்கு இவ எழுந்திருந்தா என் குடும்பமே எழுந்திருக்காது!"

எனக்கு அப்போது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன்? நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த யாரோ இறங்கிப் போனது போல இருந்தது. சேற்றில் உட்கார்ந்தபடியே உஸ்ஸென்று மூச்சு விட்டேன்.

மழை விட்டதும் உலர்ந்த துண்டும் சுக்குக் காப்பியும் கொடுத்தார்கள். களத்து ஓரமாகத் தண்ணீர் சலசலத்துக் கிணற்றுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. புளிக் குவியல்களுக்கு நடுவே இடம் பண்ணி உட்கார்ந்தோம். அம்மா தலை குனிந்து, "எம்பையன் மேல மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. நாங்க கெளம்பறோம்" என்றாள்.

"இருங்கம்மா. பொண்ணைக் கேக்காம எப்படிப் போறது?" என்றார் பெரியண்ணன். "என்னா மாதம்மா?"

அவள் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "எனக்கென்னா? அவரு சொல்றதுக்கு நேரெதிரா நடந்தா வூட்டுக்கு நல்லதுதான் நடக்குது."

"அப்போ அவரு என்னா சொல்றாருன்னு கேட்டுடலாம். தம்பி, உங்களுக்குச் சம்மதமா?"

நான் ஆவலோடு வாயைத் திறந்தேன்.

"வாத்தியாரே, பேசாதீங்க!" என்று அந்தோணி அண்ணன் பாய்ந்து என் வாயைப் பொத்தினார். "தலையை மட்டும் ஆட்டுங்க!"

ஆட்டினேன். கூடமே சிரித்தது. "அப்படின்னா சரிங்க மாப்ளே" என்றார் பெரியண்ணன்.

திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் ஈர மண் வாசனை. அம்மா என் தலையில் புடைத்திருந்த இடத்தை நீவிவிட்டுக்கொண்டே வந்தாள். அந்தோணி அண்ணன் மட்டும் ஜன்னலோரம் சோகமாக இருந்தார்.

"என்னண்ணே?"

"வருசம் பூரா காத்துக்கெடந்தோம் வாத்தியாரே. அது வர்ற நேரத்துல முதுகைக் காட்டிக்கினு நின்னோமே" என்றார்.

அந்த ஆனியிலேயே எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. உத்தனப்பள்ளியில் அன்றிலிருந்து எனக்கு ஒரு உத்தியோகம் உண்டு. நான் போயிருக்கும் நாளில் மாமனார் எதையாவது காயப்போட வேண்டுமானால், என்னிடம் வந்து மரியாதையாகக் கேட்பார். நான் மழை வராது என்றால் எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைப்பார். வரும் என்றால் நிம்மதியாக வெயிலில் பரப்புவார். பஞ்சாங்கம்கூட எப்போதாவது பொய்த்தது உண்டு. நான் பொய்த்தது இல்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

எங்கள் மூத்த மகளின் கல்யாணத்தை அந்தக் களத்திலேயே பந்தல் போட்டு ஒரு சித்திரையில் நடத்தினோம். பந்தி போடும் நேரத்தில் நான்கு திசையும் கறுத்துவிட்டது. பந்தலோ வெறும் தென்னங்கீற்று. சமையல்காரர் முதல் சம்பந்தி வரை எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். நரைத்த மீசையோடு மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"மாப்ளே, யோசிச்சுச் சொல்லுங்க. வருமா, வராதா?"

நான் அண்ணாந்து பார்த்தேன். என் அறிவுக்கு எட்டியவரை அந்த மழையைப் பிரம்மாவாலும் நிறுத்த முடியாது. "கட்டாயம் வரும்" என்றேன்.

"இலையைப் போடுங்கடா!" என்று மாமனார் திரும்பிக் கத்தினார்.

முதல் பந்தி உட்கார்ந்தது. மாதம்மாள் சிரித்துக்கொண்டே பரிமாறினாள். இத்தனை வருஷமாக மழைக்கு ஏங்கிய நான், அன்று ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, ஒரு தூற்றல்கூட விழக் கூடாது என்று வேண்டியபடி நின்றேன். கடைசிப் பந்தி மோர் குடித்து எழும் வரை ஒரு சொட்டு விழவில்லை.